இருபது ஓடாத கார்

வக்கீல் சக்ரவர்த்தி வாங்கிய புதுக் காருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிக்னலில் நின்றால் அதன் இன்ஜின் தானாகவே அணைந்துவிடும். பெட்ரோலோடு பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் கார் அது. 2008ஆம் வருஷம் காஞ்சிபுரத்தில் பலருக்கும் அது புதுசு.

சத்தம் நின்றதுமே யாராவது ஓடி வந்துவிடுவார்கள்.

"வண்டி நின்னுபோச்சா? தள்ளட்டுமா சார்?"

டிரைவர் மணிவண்ணன் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் பின்னால் கைவைத்துத் தள்ள ஆரம்பித்திருப்பார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஸௌம்யா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் வக்கீலின் ஒரே மகள்.

மணிவண்ணனை ஸௌம்யாவுக்கு ரொம்பப் பிடிக்கும். தெருவில் கன்றுக்குட்டி படுத்திருந்தால் அவர் ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய், "எழுந்துக்கம்மா, பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது" என்று அதனிடம் சொல்லிவிட்டு வருவார்.

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் அப்பா காரை வாங்கினார். ஆனால் ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பதிமூன்றுதான் வந்தது.

"இருபது எங்கே, பதிமூணு எங்கே? பாக்கி பெட்ரோல் எல்லாம் எங்கே போறது மணிவண்ணன்?" என்றார் அப்பா.

மணிவண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. சாவியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார். வேற டிரைவரப் பாத்துக்கோங்க."

அவர் போனபிறகு ஸௌம்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மணிவண்ணன் அண்ணா பெட்ரோலைத் திருட மாட்டார்ப்பா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாமச் சாப்பிடு."

மறுநாள் அப்பாவே காரை எடுத்தார். கதவு ஜன்னலை எல்லாம் ஏற்றி, ஏசியை முழு வேகத்தில் வைத்தார். மார்க்கெட் பக்கம் ஒரே நெரிசல். இரண்டடி நகர்வதும் நிற்பதுமாகப் போனார்கள். நடுவில் ஒரு மாட்டு வண்டிக்கு அப்பா அடித்த ஹாரனில் ஸௌம்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒளிர்ந்த எண் அவள் கண்ணில் பட்டது.

"அப்பா, இது என்ன நம்பர்?"

"வாங்கினதுலேர்ந்து சராசரியா லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு வண்டியே காட்டறது."

அதில் பதிமூன்று என்றுதான் இருந்தது.

வகுப்பில் டீச்சர் நடத்திய எதுவும் ஸௌம்யாவின் மனதில் ஏறவில்லை. அந்தப் பதிமூன்றே கண்முன் நின்றது. சாயங்காலம் காரில் ஏறியதும் அவள் கேட்டாள்.

"அப்பா, இன்ஜின் குடிக்கற பெட்ரோலை மட்டும்தானே வண்டி கணக்கு வெச்சுக்கும்?"

"ஆமா."

"டேங்க்லேர்ந்து யாராவது டியூப் போட்டு எடுத்தா?"

"அது எப்படி வண்டிக்குத் தெரியும்?"

"அப்போ, பெட்ரோல் திருடு போயிருந்தா இந்த நம்பர் இருபதுன்னுதானே காட்டணும்?"

அப்பா ஸ்டீயரிங் பக்கம் குனிந்தார். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தி அதை அழித்தார். "புதுசா எண்ணட்டும்" என்றார்.

வார முடிவில் அது பன்னிரண்டு காட்டியது. அத்தனை நாளும் ஓட்டியது அப்பாதான்!

"விளம்பரக்காரா காலி ரோட்டுல ஓட்டிப் பார்த்திருப்பா. நம்ம ஊர் மார்க்கெட்டைப் பார்த்திருக்க மாட்டா" என்றாள் ஸௌம்யா.

அப்பா சிரிக்கவில்லை. போனைக் கையில் எடுத்தார்.

"போன்லயா சொல்லப்போறேள்? அண்ணா முகத்துக்கு நேராத்தானே கேட்டேள்?"

அப்பா போனை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

மணிவண்ணனின் வீடு ஊருக்கு வெளியே தாமல் கிராமத்தில் இருந்தது. வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர், காரைக் கண்டதும் எழுந்து நின்றார். அருகே வரவில்லை.

அப்பா இறங்கி அவர் எதிரே போய் நின்றார்.

"தப்பு என்னோடது, மணிவண்ணன். நானே ஓட்டிப் பார்த்தேன். யோசிக்காம உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடுப்பா."

மணிவண்ணன் கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறே துன்னல சார். ராத்திரி பூரா தூக்கம் வரல" என்றார்.

"நானும் சாப்பிடலை அண்ணா. அம்மா வெண்டைக்காய்க் கறி பண்ணியிருந்தா, அதைக்கூடத் தொடலை" என்றாள் ஸௌம்யா.

மணிவண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மனைவி சுகாசினி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். அப்பா ஆட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குடித்தார்.

"எவ்ளோ சார் காட்டுச்சு, நீங்க ஓட்டும்போது?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா!" மணிவண்ணன் சாவிக்காகக் கையை நீட்டினார். "குடுங்க சார். வண்டி பாவம்."

பொத்தானை அழுத்திப் பழைய எண்ணை அழித்து, ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஏரிக்கரை ஓரமாக அவர் காரை மெதுவாக ஓட்டினார். எண் ஒவ்வொன்றாக ஏறியது. பதினான்கு, பதினைந்து, பதினாறு.

"இருபது வராது போலிருக்குப்பா" என்றாள் ஸௌம்யா.

"வராட்டா போறது போ. காத்து நன்னா வரது" என்று அப்பா பின் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

இன்ஜின் அணைந்து, கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கரையோரம் மீனுக்காகக் காத்திருந்த கொக்கு, கார் தன்னைத் தாண்டிப் போனபிறகுதான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.