பொருந்தாதது ஒன்று

புயல் நெருங்கிக்கொண்டிருக்க, இணக்கன் என்ற சோதனை இயந்திரம் வயர்லெஸ் செட்டுகளை ஒவ்வொன்றாகப் பேசவைத்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடியின் அந்தச் சோதனைக்கூடத்தில், உலகில் விற்ற எல்லா மாடலிலும் ஒன்று கொக்கியில் தொங்கியது. செட்டுகளை இயக்கும் மென்பொருளான இயக்கி புதிதாக வந்ததும் இணக்கன் அதை அத்தனையிலும் ஏற்றி, நனைத்து, சூடாக்கி, ஒன்றோடொன்று பேசவிட்டுப் பார்க்கும். ஆயிரம் பேர் ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் முடியாததை, ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். பார்க்கும்போதெல்லாம் பொறியாளர் பிலோமினாவுக்கு மெய்சிலிர்க்கும்.

இன்று பயமும் சேர்ந்துகொண்டது. கரைக் கோபுரம் காற்றில் ஆடியது. அது விழுவதற்குள், படகுக்குப் படகு செய்தி கடத்தும் புதிய இயக்கி கடலிலுள்ள எல்லாச் செட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். பொருந்தாத செட்டில் ஏறினால் அது ஊமையாகிவிடும். அவள் தம்பி சூசை ஆழ்கடலில் இருந்தான். அவனுடைய செட் அரதப்பழசு.

“என்ன பிலோமினா, இன்னும் முடியலியா? புயல் நமக்காவ நிக்குமா?” என்றார் மேலாளர் கோமதிநாயகம்.

“ஒரு மாடல் மட்டும் மக்கர் பண்ணுது சார். நம்ம சூசை வச்சிருக்கானே, அது.”

“ஒண்ணுக்காவ ஊரையே...” என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இணக்கன் நிறுத்தவில்லை. இயக்கியைத் தானே பிரித்துத் திருத்தியது. கொக்கியில் தொங்கிய பழைய செட் கரகரவென்று பேசியது. பிலோமினா அழுதேவிட்டாள். அப்போது திரையில் எழுத்துகள் வந்தன:

‘பொருந்தாதது ஒன்று: என் அலைவாங்கி. இப்படித் திருத்திய இயக்கி பரவியபின் எந்தக் கருவி பேசுவதும் எனக்குக் கேட்காது. வெளியிடலாமா?’

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தான் கழனிப் பானையில் விழும் என்பார்கள். இந்தப் பல்லி பானை இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு அனுமதி கேட்டது. அதைக் கும்பிடலாம் போலிருந்தது பிலோமினாவுக்கு. பொத்தானை அழுத்தினாள்.

சற்று நேரத்தில் கொக்கியில் தொங்கிய பழைய செட்டில் சூசையின் குரல் வந்தது. “யக்கா, புயல் வடக்க போவுதாம். எல்லாப் போட்டையும் தெக்க திருப்பிட்டோம். நீ பயப்படாத.”

மறுநாள் இணக்கனுக்குப் புது அலைவாங்கி வந்தது.

“மாட்டுங்க. பொருந்துதான்னு இணக்கன்கிட்ட கேட்டு...” கோமதிநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சோதனைப் பொறியாளர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஒரு கருவியை எப்படிச் சோதிப்பது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.