உப்புப் போட்ட அரிஷ்டம்

அபூசாலி காய்ச்சிய அரிஷ்டத்தில் ஒரு தேக்கரண்டி அளவைத் தவறிக் குடித்த சேவல் மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து தூங்கியதாம். விழித்ததும் இருபத்தொரு நாள் கூவலையும் ஒரே மூச்சில் கூவி முடிக்க, அந்த அதிர்ச்சியில் கனமூலை ஊர்க் கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் முட்டையிட்டனவாம்.

“அல்லா மேல ஆணை மச்சான், முட்டைய லொறியிலதான் ஏத்தின!” என்றார் அபூசாலி.

செய்னுலாப்தீன் மாஸ்டர் நம்பவில்லை. முப்பத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர்; பல்லி கத்தினாலும் ஆதாரம் கேட்பார். அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அவருடைய சந்தேகம்தான். ஆனால் மகள் றிஃப்னா கட்டாருக்குப் போன நாள் தொட்டு மனைவி ஸுஹைராவுக்குத் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். விழுங்கிய குளிசைகளைக் கோத்தால் புத்தளத்திலிருந்து சிலாபம் வரை மாலை கட்டலாம். அவள் ஒரு மணி நேரமாவது கண்ணயர்ந்தால் போதும் என்று, அவளுடைய தம்பி அபூசாலி கொண்டுவந்த மண்முட்டியை மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அமுக்கராக் கிழங்குக் கசாயம், தேன், பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, பொங்கவைக்கக் காட்டாத்திப் பூ. வாயைத் துணியால் கட்டி, மேலே களிமண் பூசிச் சீலைமண் செய்திருந்தது.

“முப்பது நாள். தொறக்கவும் படாது, எட்டிப் பார்க்கவும் படாது,” என்றார் அபூசாலி. “உள்ளுக்கு அது மூச்சு வாங்கும். வாங்கட்டும். என்ட ராத்தாவுக்கு வேண்டிய தூக்கம் அதுலதான் பழுக்கும்.”

சாமான் அறையில், உமி நிரப்பிய பெட்டிக்குள் முட்டியை வைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்தார் மாஸ்டர். உப்பளத்துக் காற்று வெள்ளை வெயிலைச் சுமந்துவந்து ஜன்னல் சீலையை ஊதிக்கொண்டிருந்தது. காகம்கூட வாய் திறக்காத அந்த நேரத்தில், சாமான் அறையிலிருந்து தேனும் ஈரமண்ணும் கலந்த வாசம் மெல்ல ஊர்ந்து வர, அதன் பின்னாலேயே ‘புளுக்’ என்றொரு சத்தமும் வந்தது. நொதிக்கிறது, காபனீரொட்சைட்டு வாயு என்று தனக்கே பாடம் நடத்தினார். ஆனால் பக்கத்தில் விழித்துக் கிடந்த ஸுஹைரா பெருமூச்சு விட்டபோது முட்டியும் நீளமாக விட்டது. அவள் இருமினாள். அது தடுமாறியது. மாஸ்டர் மணிக்கூட்டைக் கழற்றி எண்ணினார். நிமிடத்துக்குப் பதினான்கு. இரண்டும் பதினான்கு.

தற்செயல் என்றார். மூன்று தரம் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் வாசம் மாறியது. மதிலுக்கு மேலால் எட்டி மூக்கை உறிஞ்சினாள் அடுத்த வீட்டு றஹ்மத் உம்மா.

“என்ன மாஸ்டர், பென்சன் காசு பத்தாமப் போய் ஊட்டுலயே கள்ளுத் தவறணை தொறந்திட்டீங்களா?”

பள்ளிவாசல் நிருவாக சபையில் செயலாளராக இருந்தவருக்குக் காது மடல் வரை சுட்டது. மருந்துதான், தானாகப் பொங்குவதுதான்; ஆனால் ஹராமான ஒன்று தன் கூரைக்குக் கீழே கொப்பளிக்கிறதோ என்ற எண்ணம் அவரை விடவில்லை. பொங்குவதை அடக்க உப்புப் போதும் என்பது விஞ்ஞானம். புத்தளத்து வீட்டில் உப்புக்கா பஞ்சம்? சீலைமண்ணைச் சுரண்டித் திறந்து, இரண்டு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டார். நுரை சுருங்கி அமர்ந்தது. யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சத்தம் நின்றது. மறுபடி களிமண் பூசி மூடினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

முப்பதாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அபூசாலி வந்து, மேல்தெளிவில் ஒரு சின்னப் போத்தல் நிரப்பிவிட்டு முட்டியை மூடினார். இரண்டு கரண்டி ஊட்டினார்.

“கடல் தண்ணி மாதிரிக் கரிக்குதுடா,” என்றாள் ஸுஹைரா.

“கரிக்குதா? கரிக்கப்படாதே...”

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். சிரித்த முகத்தோடு. அபூசாலி சந்திக்குப் போய் ஊருக்கெல்லாம் கதை சொல்லக் கிளம்பிவிட்டார். மாஸ்டர் கட்டிலருகே கதிரையைப் போட்டு, மாதக்கணக்கில் காணாத அந்த மூடிய இமைகளை ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஈ அவளுடைய உதட்டில் உட்கார்ந்தது. மூக்கின் விளிம்புக்கு நடந்தது. அதன் இறகுகூட மூச்சுப் பட்டு அசையவில்லை.

கண்ணாடியை மூக்கருகே பிடித்தார். மங்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை. ஆனால் நாடி அடித்தது. கை சூடாகத்தான் இருந்தது.

“ஸுஹைரா... ஸுஹைரா, இங்க பாருங்க புள்ள...”

உலுக்கினார். தலை சாய்ந்தது. அவ்வளவுதான்.

அப்போது சாமான் அறையில் ஒரு மூச்சு. இழுத்தது. விட்டது. கடைசியில் மெல்லிய சீழ்க்கை. அவள் தூங்கும்போது நாற்பது வருடம் அவர் காதருகே கேட்ட சீழ்க்கை.

ஓடினார்.

முட்டியின் வெளிப்புறமெல்லாம் உப்புப் பூத்து, வெள்ளை மயிராய் நின்றது. மண் செதில் செதிலாக உரிந்தது. உமியில் ஈரம். ஒரு துளி விழுந்தது. உள்ளே மூச்சு கொஞ்சம் குறுகியது.

இன்னொரு துளி. இன்னும் குறுகியது.

கசிந்த இடத்தை விரலால் அடைத்தார். பக்கத்தில் வேறொரு கீறல். அதற்கு அடுத்த விரல். போன் கட்டிலில் கிடந்தது. கையை எடுத்தால் ஒழுகும். அழுத்தினால் உடையும். கூப்பிட்டார். குரல் வரவில்லை. வந்தது காற்றுத்தான். விரலுக்குக் கீழே முட்டி இளஞ்சூடாக ஏறி இறங்கியது, நெஞ்சு மாதிரி.

பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டது. பிறகு வாசலில் செருப்புச் சத்தம். அபூசாலி நேரே படுக்கையறைக்குப் போனார்.

“ராத்தா... ராத்தா! மச்சான், இவக்கு மூச்சக் காணல்லயே!” அழுதுகொண்டே வந்து சாமான் அறை நிலையைப் பிடித்தார். “இதென்ன, பைத்தியமா? முட்டியக் கட்டிப் புடிச்சிட்டு... நான் சொன்ன எல்லாம் பகிடி மச்சான்! அது வெறும் கசாயம்! முட்டிக்குள்ள எங்கயாவது மூச்சு இரிக்குமா?”

மாஸ்டரின் பத்து விரலும் தீர்ந்துவிட்டன. நெற்றியை முட்டியின் வயிற்றோடு ஒட்டிவைத்திருந்தார்; அதற்குக் கீழேயும் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

“பகிடி இல்ல, அபூசாலி,” என்றார். “நடந்திட்டு. உப்புப் போட்டது நான்தான். சத்தம் போடாத... நிமிசத்துக்கு ஆறுதான் இரிக்கு இப்ப.”