குருநகர் வீட்டு ஓவன்

பகல் இரண்டு மணிக்கு டிலக்‌ஷன் குருநகரில் அந்த வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். வீட்டு மின்சாதனங்கள் திருத்துவது அவன் தொழில். கதவைத் திறந்த ஜெசிதா அவனைவிட நாலைந்து வயது இளையவள். வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழா. பதினொரு கேக் செய்ய ஒப்புக்கொண்டிருந்தாள். ஓவனோ ஒரு மாதமாகச் சரியில்லை.

"சொல்லுறதைக் கேக்குதில்லை அண்ணை. சொல்லாததைச் செய்யுது," என்றாள்.

ஓவன் இருந்த குசினி கடல் பக்கம் இருந்தது. ஜன்னல் வழியே உப்பும், வெயிலில் காய்கிற வலைகளும் மணத்தன. அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ரப்பர் கருகிய வாசம்.

ஓவனின் முகப்பில் ஒரு பிழைக்குறி மின்னிக்கொண்டிருந்தது. டிலக்‌ஷனுக்கு அது பழக்கமானதுதான். முன்னால் பொத்தான்கள் இருக்கும் பலகையும், பின்னால் சூட்டை ஏற்றும் பலகையும் ஒன்றோடொன்று தொடர்பு இழந்தால் வரும் குறி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வயர்க்கட்டு ஒன்று ஓடும். கடற்காற்றில் அதன் முனை துருப்பிடித்திருக்கும், அல்லது கழன்றிருக்கும்.

ஓவனுக்குப் பிளக் இல்லை. வயர் நேரே சுவருக்குள் போனது. பக்கத்து அறையில் பழைய இரும்பு மெயின் சுவிட்ச் இருந்தது. அதன் பிடியை இரண்டு கையாலும் இழுத்துத்தான் இறக்க முடிந்தது. குசினி விசிறி மெல்ல நின்றது.

பின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு மூலை கறுத்துக் கிடந்தது. இதை முன்னர் யார் திறந்தது என்று சும்மா கேட்டான்.

ஜெசிதா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் இதே பிழை வந்ததாம். அவளுடைய கணவர் ஜெரிசன் யாரோ ஒரு மெக்கானிக்குக்குப் போன் எடுத்தாராம். பின்பக்கத்தைத் திறந்து வயரை இறுக்கச் சொல்லியிருக்கிறான் அவன். மெயினை நிறுத்தாமலே இவர் கையை உள்ளே விட்டிருக்கிறார். அயலவர்கள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. போனும் விழுந்து நொறுங்கியதால் அந்த மெக்கானிக் யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

டிலக்‌ஷனின் கை அப்படியே நின்றது.

தபசு காலம். யாழ்ப்பாணச் சந்தையடி நெரிசல். மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஓர் அழைப்புக்குப் பதில் சொன்னது நினைவுக்கு வந்தது. பின் மூடியைக் கழட்டி வயரை இறுக்குங்கோ, அவ்வளவுதான். மறுபக்கத்தில் அந்த ஆள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். பஸ் ஹோர்ன் அடித்தது. இவன் போனை வைத்துவிட்டான்.

வயர்க்கட்டின் இரு முனைகளையும் உருவிக் கையில் எடுத்தான்.

ஓவனின் முகப்பு ஒளிர்ந்தது.

விசிறி நின்றபடிதான் இருந்தது. வயர் அவன் கையில்தான் இருந்தது.

கருகிய வாசம் தொண்டைக்குள் இறங்கியது. ஓவனின் வெறும் வயிற்றுக்குள்ளிருந்து, தூரத்துப் போனில் வருவதுபோல, மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அண்ணை... மெயினை நிப்பாட்ட வேணுமோ?"

டிலக்‌ஷன் ஓவனுக்குள் குனிந்தான்.

"ஓம்," என்றான். "நிப்பாட்டுங்கோ. முதல்ல அதை நிப்பாட்டுங்கோ."

வெளிச்சம் அணைந்தது.

ஜெசிதா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"ஒரு மாசமா இதைத்தான் கேக்கிறார். எனக்கு மறுமொழி தெரியேல்லை."

அவன் நிலத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னான். சந்தையடி, பஸ், வைத்த போன். வெளியே யாரோ படகு எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலையை முடிச்சிட்டுப் போங்கோ," என்றாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே இருந்தாள்.

புது வயரைப் பொருத்தினான். பின் பலகைக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று அளக்க வேண்டும். அதற்கு மெயின் போட்டிருக்க வேண்டும். போய்ப் போட்டுவிட்டு வந்தான். அளவுமானியின் முனையை உள்ளே நீட்டினான்.

டக்.

விசிறி நின்றது. பக்கத்து அறையில் இரும்புப் பிடி கீழே இறங்கியிருந்தது. மறுபடி ஏற்றினான். திரும்பி வந்து கையை நீட்டினான்.

டக்.

ஜெசிதா கதிரையை விட்டு அசையவே இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூன்றாம் முறை அவன் போகவில்லை. அளப்பதை விட்டுவிட்டு மூடியைப் பூட்டினான். கடைசி ஆணியை இறுக்கிக் கையை எடுத்ததும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. ஓவனில் பிழைக்குறி இல்லை. உள்ளே கம்பிகள் சிவந்து வந்தன. ஜெசிதா அந்தச் சிவப்பையே பார்த்திருந்தாள். அவன் போய்வருகிறேன் என்றபோதும் திரும்பவில்லை.

ஞாயிறு பதினொரு கேக்கும் போய்ச் சேர்ந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டான்.

அடுத்த கிழமை தொண்டைமானாற்றில் நமசிவாயம் என்பவர் வீட்டில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனான். மெயின் இருக்கும் அறை பூட்டியிருக்கிறது, பூட்டின் திறப்பு மகனின் கையோடு யாழ்ப்பாணம் போய்விட்டது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கவனமாகப் பாருங்கள் என்றார் அவர். வேறு வழி தெரியாமல் டிலக்‌ஷன் குனிந்து மோட்டாரை நோக்கிக் கையை நீட்டினான்.

பூட்டிய அறைக்குள் பிடி இறங்கும் சத்தம் கேட்டது.