முப்பத்து நாலு அங்குல வெளிச்சம்

கணக்குத் தாளில் ஒரு தசமப் புள்ளி நடந்து போனது.

பிளேன்டீயைக் கணவனின் முழங்கைப் பக்கம் வைக்கக் குனிந்தபோதுதான் ஜெயந்தினி அதைக் கண்டாள். அந்த அகலமான திரையில் இடது பக்கம் ஒரு பட்டியல், வலது பக்கம் ஒரு பட்டியல், நடுவில் கொழும்பு அலுவலகத்து ஆட்கள் அனுப்பும் செய்திகள். இடது பக்கத்துத் தொகை ஒன்றின் நடுவே இருந்த புள்ளி, எந்த அவசரமும் இல்லாமல், அடுத்த எண்ணைக் கடந்து கோட்டுக்கு வெளியே போனது. அவள் விரலை வைத்து அழுத்தாமல் தடவினாள். திரை வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. புள்ளி அவள் விரலுக்கு அடியில் நடந்து மறுபக்கம் வந்தது.

"என்னங்க, இதுக்கு உள்ள பூச்சி இருக்குங்க."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றான் லோஜன். கண்ணை எடுக்கவில்லை.

இந்த மொனிட்டரைத் தேடி அவன் பட்ட பாட்டைப் பெண் பார்த்தபோதுகூடப் படவில்லை. இருபத்தொன்பது அங்குலமா, முப்பத்து நாலா? வளைவா, தட்டையா? நொடிக்கு எத்தனை தடவை படம் மாறினால் விளையாட்டில் எதிரியை முதலில் சுடலாம்? அகலம் கூடி, உள்ளிருக்கும் புள்ளிகள் குறைந்தால் எழுத்து மங்கலாகத் தெரியும் என்பதை ரொட்டி சாப்பிடும் நேரத்தில் அவளுக்கு மூன்று வாரம் பாடம் எடுத்தான். பகலில் சம்பளத்துக்கு, சாயங்காலம் சண்டைக்கு, இரண்டுக்கும் ஒரே திரை வேண்டும். புதிதின் விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சம்பலைத் தொட்டுக்கொள்ளாமலே மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தான்.

அவளுக்கு மொனிட்டரைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. அவன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கலியாணமாகி ஒன்றரை வருடத்தில் அவன் கொழும்பில் ஒரு போர்டிங் அறையிலும், அவள் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசையின் கடைசி வீட்டிலும் கிடந்தார்கள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் அவளுக்குப் புருசன் இருந்தான். கடைசியில் அலுவலகம் மூன்று மாதத் தவணை கொடுத்தது. வீட்டிலிருந்தே பிழையில்லாமல் வேலை செய்து காட்டினால் நிரந்தரமாக வீட்டோடு இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி போர்டிங். அதனால் அட்டன் டவுனில் பழைய சாமான் விற்கும் சப்ராஸின் கடைக்கு அவளும் கூடப் போனாள்.

"கொழும்புல ஒரு ஆபீஸ மூடிட்டாங்க தம்பி, அங்க இருந்து வந்தது," என்றார் சப்ராஸ். "முப்பத்து நாலு, நல்ல வளைவு, ஒரு கீறல் இல்ல. மழக்காலம் பூரா குடோன்ல கெடந்துச்சு, அதான் லேசா வாட அடிக்குது. வேற ஒரு கொறையும் சொல்ல மாட்டீங்க."

வாடை அடிக்கத்தான் செய்தது. ஆனால் மலையில் எது வாடை அடிக்காது? மூட்டம் இறங்கும் மாதங்களில் மெத்தையில் பூஞ்சணம், காலில் போடும் சப்பாத்தில் பூஞ்சணம், கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தில் பூஞ்சணம். எதை வாங்கி வந்தாலும் முதலில் அடுப்படியில் வைத்து ஈரம் போக்கித்தான் எடுப்பார்கள். ஜெயந்தினியும் அதைத்தான் செய்தாள். மொனிட்டரைக் கம்பளியில் பொதிந்து, அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் இரண்டு நாள் வைத்தாள். பகலும் இரவும் இளஞ்சூடு. அடைகாக்கும் கோழிகூட முட்டைக்கு அவ்வளவு பக்குவமான சூடு கொடுத்திருக்காது. வாடை போய்விட்டது என்று சொல்லி அவன் அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

அது மூன்று மாதத்துக்கு முந்திய கதை. முதல் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. அந்த ஒற்றைப் புள்ளி நடந்து ஒரு வாரத்தில் ஒன்பதாகியது, பிறகு எண்ண முடியவில்லை. காலையில் திரை வெளுத்ததும் நாலு ஓரங்களிலிருந்தும் கிளம்பி நடுவுக்கு வந்தன. சில நசுங்கி அங்கேயே கறையாக நின்றன, மற்றவை அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின. பின்பக்கத்துக் காற்றுத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு நாற்றம் வந்தது. கம்பளியில் பிள்ளை பால் கக்கி, காயாமல் நாலு நாள் கிடந்தால் வருகிற நாற்றம். ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவள். நாளுக்குப் பத்துப் பிள்ளைகளின் வாந்தியையும் மலத்தையும் வெறும் கையால் கழுவி, அதே கையைச் சோப்புப் போட்டுவிட்டுச் சோறு தின்பவள். அவளுக்கே அந்த அறைக்குள் போனால் குமட்டியது.

லோஜனுக்குக் குமட்டவில்லை. நாற்காலி நாளுக்கு நாள் திரைக்குக் கிட்டப் போனது. திரையில் பளபளப்பு விழுகிறது என்று அறையின் பல்பைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டான், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டான். பகலில் பட்டியல், சாயங்காலம் துப்பாக்கி, இரண்டையும் ஒரே இமைக்காத கண்ணோடு பார்த்தான். ஒருநாள் ரொட்டித் துண்டில் கடுகளவுகூட இல்லாத ஒன்று ஊர்ந்தது. "பாத்து," என்பதற்குள் வாயில் போட்டு மென்றான். இன்னும் இரண்டு அவன் உதட்டோரத்தில் நின்று, கொஞ்சம் யோசித்து, தாங்களாகவே உள்ளே போயின. ஜெயந்தினி பின்கதவைத் திறந்து கழிவுத் தண்ணீர் ஓடும் கானில் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் சப்ராஸ் நானாவுக்குப் போன் போட்டாள்.

"அதா தங்கச்சி, சின்னப் பூச்சி, எல்லா ஸ்கிரீன்லயும் சில நேரம் போறதுதான்," என்று அவர் சிரித்தார். "விரலால அமத்திறாதீங்க, உள்ளுக்கே நசுங்கிப் போயிரும். ஸ்கிரீன ஆஃப் பண்ணிட்டு, இருட்டுல ஒரு ஓரத்துல லைட்டு வைங்க. வெளிச்சத்துக்கு அதுங்களே வந்துரும்."

"இவரு ஆஃப் பண்ண விட மாட்டேங்கிறாருங்க நானா."

"அப்ப கரண்டு போகட்டும்," என்றார்.

கரண்ட் வெள்ளிக்கிழமை போனது. தவணையின் கடைசி நாள் அது. சாயங்காலத்துக்குள் கொழும்பிலிருந்து முடிவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வேலை முடிந்து வரும்போது நாலு மணிதான், ஆனால் மூட்டம் மலையை மூடி, பக்கத்து லயத்தின் தகரம்கூடத் தெரியவில்லை. மழை. எங்கேயோ கம்பி மேல் ஒரு சவுக்கு மரம் விழுந்திருக்க வேண்டும். அவள் அறை வாசலில் நின்று ஈரக் குடையைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது அந்த முப்பத்து நாலு அங்குலமும் பட்டென்று கறுத்தது; மேசைக்குக் கீழே மூடிக் கிடந்த லெப்டொப் மட்டும் பேட்டரியில் இரைந்தது. லோஜன் கறுத்த திரையையே இமைக்காமல் பார்த்தான். நாற்காலியில் அப்படியே இருந்தான்.

அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பேசினில் சோப்புத் தண்ணீர் கரைத்தாள், பழைய துணி எடுத்தாள், கதவைச் சாத்தினாள், போனில் டோர்ச்சைப் போட்டு மொனிட்டரின் அடி ஓரத்தில் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் தகரத்தில் கேட்டது. பிறகு அந்தச் சிறிய இடுக்கில் ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னால் ஒன்று. பின்னால் கொத்துக் கொத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, பையிலிருந்து சிந்துகிற தேயிலைத் தூளாக மேசையில் வழிந்தன, வழிந்தவை காலைத் தூக்கிக்கொண்டு நேராக வெளிச்சத்துக்கு நடந்தன. அவள் துணியால் வழித்து வழித்துப் பேசினில் பிழிந்தாள். விரலிடுக்கில் ஏறின, நகத்துக்கு அடியில் நுழைந்தன, மணிக்கட்டில் கடிக்காமல் சும்மா நடந்தன. அந்தச் சும்மா நடப்பதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீரின் மேலே கறுப்பாக ஆடை படிந்தது, அதைக் கிண்டியபோது பால் நாற்றம் முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். கடைசியில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை.

"முடிஞ்சிருச்சுங்க!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒன்னு கூட இல்ல. இனி சுத்தமா இருந்து வேல செய்ங்க."



டோர்ச்சை அவன் முகத்துக்குத் திருப்பினாள். கண்கள் திறந்திருந்தன. இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சின்னத் தூசி. துடைக்கலாம் என்று சுத்தமான சேலைத் தலைப்பை எடுத்தாள். தூசி நகர்ந்தது. கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, அவசரமே இல்லாமல், மறுபக்கம் போனது. கண்ணீருக்கு மேலே இல்லை. வெள்ளைக்கு அடியில்.

இமைக்கு உள்ளேயிருந்து இன்னொன்று வந்தது. இன்னும் ஒன்று.

அவள் டோர்ச்சை இடது பக்கம் நகர்த்தினாள். எல்லாம் இடது பக்கம் போயின. வலது பக்கம் நகர்த்தினாள். வலது பக்கம் வந்தன. அவற்றோடு அவன் முகமும் இடம் போய் வலம் வந்தது. கன்னத்துத் தோலுக்கு அடியில் மணல் மணலாக ஏதோ ஊர்ந்து கண்ணை நோக்கி ஏறுவது தெரிந்தது. அருவருப்பாக இருந்தது. கட்டிய புருசனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, அதை நினைத்து அழுகையும் வந்தது.

"வலிக்குதாங்க?"

"இல்ல," என்றான். வாயிலிருந்து அதே பால் நாற்றம். "இருட்டா இருக்கு ஜெயா. அதான்."

"வாங்க, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோவுக்குச் சொல்றேன். எந்திரிங்க."

அவன் எழுந்தான். அவள் கையைப் பிடித்தாள். கை ஈரமாக, குளிர்ந்து, கீழே எதுவோ நெளிய நெளிய இருந்தது. ஆனாலும் விடவில்லை. கதவுக்கு இரண்டு எட்டுத்தான் இருந்தது.

கரண்ட் வந்தது.

மொனிட்டர் ஒரு கணம் கறுப்பாக யோசித்தது. பிறகு சுவரிலிருந்து சுவர் வரைக்கும் வெள்ளை வெளேரென்று விரிந்தது. நடுவில் டிங் என்று ஒரு செய்தி. அவன் வேலையில் ஒரு பிழையும் காணவில்லையாம். இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே செய்யலாமாம். வாழ்த்துகளாம்.

அவள் அதை வாசித்து முடிப்பதற்குள் அவன் கை உருவிக்கொண்டு போய்விட்டது.

அவன் வெளிச்சத்துக்கு நடந்தான். தொடை மேசையில் இடித்தது. நிற்கவில்லை. இடுப்புக்கு மேலே சாய்ந்து, நெற்றி திரையில் பட்டது. அப்போதும் நிற்கவில்லை. கால்கள் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டே இருந்தன. மேசை சுவரில் முட்டியது. வாழ்த்துச் செய்தியின் மேல் அவன் மூக்கு மடங்கியது. நெற்றியைச் சுற்றித் திரைக்குள் ஊதா நிறத்தில் கறை பரவியது. பிளாஸ்டிக் முறிகிற சத்தம். இமைக்காத கண் அந்த வெள்ளையில் அப்பிக்கிடக்க, உள்ளே அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி முன்னுக்கு வந்து குவிந்தன.

"லோஜன்! ஐயோ, வாங்க, வந்துருங்க!"

"சூடா இருக்கு," என்றான். உதடு திரையில் நசுங்கியபடி. "நல்லா சூடா இருக்கு."

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேசைக்கு அடியில் புகுந்தாள். வயர்கள். எது? எல்லாவற்றையும் பிடித்துப் பிடுங்கினாள்.

இருட்டு.

கால்கள் நின்றன.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே மூச்சு விட்டாள். பிறகு எழுந்து, சுவரோடு சாய்ந்து நின்றாள். அவனுடைய முதுகு அவளுக்குத் தெரிந்தது. சட்டையின் கோடுகள்கூடத் தெரிந்தன.

அவள் கையில் போன் டோர்ச் எரிந்துகொண்டிருந்தது.

அவன் திரும்பினான். நெற்றியில் தோல் இல்லை. கண் இரண்டிலும் வெள்ளை இல்லை.

அவள் விரல் போனை அணைக்கத் தேடியது. சோப்புத் தண்ணீர். ஈர விரலைப் போன் மதிக்கவில்லை. அழுத்தினாள். தேய்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

ஒரு எட்டு.

போனை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்தினாள். விரலிடுக்கில் வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது.

இன்னொரு எட்டு.

"நான்தாங்க. ஜெயா. நான்தான்."

அவன் தலை குனிந்தது. நெற்றி அவள் கைகளில் பட்டு, அப்படியே அழுத்தியது. ஈரம். சூடு. விரல்களில் சின்னச் சின்னக் கால்கள் ஏறின. முதுகுக்குப் பின்னால் சுவர். அவன் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.