ஓர் ஆளின் சூடு

மூன்று வாரம் பூட்டிக் கிடந்த ஒர்க்‌ஷாப்பை ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தார்கள். நீலச் சீருடையும் சேஃப்டி ஷூவுமாக நாங்கள் பதினோரு பேர் சத்தமில்லாமல் உள்ளே போனோம். முன்பு பன்னிரண்டு பேர்.

எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. வயிறு திறந்து கிடந்த பழைய ஃபிரிட்ஜுகள், சுவரில் மாட்டிய செம்புக் குழாய்ச் சுருள்கள், கம்ப்ரசர் எண்ணெயின் கனத்த வாடை. ஷெட்டின் கோடியில் அந்தக் குளிர் அறை. நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கலாம், அவ்வளவுதான். குளிர்பதன மெக்கானிக் படிப்புக்கு வருகிறவர்கள் கைப்பழக்கம் பெறுவதற்காகவே கட்டியது. அதன் தடித்த கதவின் உட்பக்கத்தில் இப்போது புத்தம்புதிய சிவப்புக் குமிழ் ஒன்று பளபளத்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளினால் கதவு திறக்கும்.

பழைய குமிழ் உடைந்து நான்கு மாதமாகியிருந்தது. "எழுதிப் போட்டிருக்கேன், வரும்" என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தது. அவள் போன பிறகு.

அவளைத் தும்மல் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்சம் குளிர் பட்டால் போதும், எண்ணி வைத்ததுபோல் மூன்று தும்மல் போடுவாள். "ஐஸ் பெட்டி ரிப்பேர் பண்ண வந்தவளுக்கு ஐஸே ஆகாது, விளங்குமா இது?" என்று பையன்கள் ஓட்டுவார்கள். "உங்களை உள்ள வச்சுப் பூட்டினாத்தான்டா விளங்கும்" என்பாள். வகுப்பில் நாங்கள் இரண்டே பேர்தான் பெண்கள். ஒரே மேசை. அவள் சாப்பாட்டை நானும் என் சாப்பாட்டை அவளும் தின்போம். செம்புக் குழாயைப் பற்றவைத்தால் அவள் போட்ட இணைப்பு மோதிரம்போல வழவழவென்று இருக்கும். என்னுடையது ஆறாத புண்.

நான் வகுப்பு லீடர். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு குளிர் அறைக்குள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்த வேண்டியது என் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கையால் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே தோளால் கதவைத் தள்ளினேன். கொக்கி விழுந்தது. வெளியே இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கையும் அணைத்தேன்.

குரல் கொடுக்கவில்லை.

விசிறிக்குப் பின்னால் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத அவள் உள்ளே போயிருக்கிறாள். விசிறி இரைச்சலில் அவளுக்கு என் காலடி கேட்டிருக்காது. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவளுடைய போன், பூட்டிய ஷெட்டுக்குள் எங்கள் மேசை டிராயரில் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது.

இரவு எட்டு மணிக்கு அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "அவ உன்கூடவாம்மா இருக்கா?"

"இல்லம்மா, எல்லாரும் அப்பவே கிளம்பியாச்சு. நான்தான் கடைசி" என்றேன்.

அந்த வார்த்தையை நம்பி அந்த அம்மா விடிய விடிய பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடியிருக்கிறார். மறுநாள் காலை காவலாளி கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் கேட்டார்கள். "குரல் கொடுத்துப் பார்த்தேன் சார், பதில் வரல" என்றேன். அனுமதியில்லாமல் உள்ளே நின்றது மாணவியின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதினார்கள்.

ஒர்க்‌ஷாப் திறந்த அன்றே அவளுடைய பொருட்களை வாங்கிப் போக அவள் அம்மா வந்தார். தையல் வேலை செய்கிறவர். விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ கூப்பிட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்மா."

"கூப்பிட்டா வராம இருக்க மாட்டாளே" என்றார். குற்றம் சொல்லவில்லை. விளங்காமல்தான் சொன்னார்.

அன்று மதியம் குளிர் அறையை மறுபடி ஓட்டினார்கள். மைனஸ் பதினெட்டைத் தொட்டதும் கம்ப்ரசர் தானாக நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதுவது பயிற்சி. வெளியே மீட்டருக்கு முன்னால் நானும், எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுவதால் கால்குலேட்டர் என்று பெயர் வாங்கிய பையனும் உட்கார்ந்தோம்.

ஐந்து. பூஜ்யம். மைனஸ் ஆறு. மைனஸ் பதினொன்று.

அதோடு நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் கம்ப்ரசர் மூச்சு வாங்க ஓடியது. முள் அசையவில்லை. இன்ஸ்ட்ரக்டர் கேஸ் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. கதவு ரப்பரைச் சுற்றித் தாளை வைத்து இழுத்துப் பார்த்தார், இடைவெளி இல்லை. மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் கால்குலேட்டர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். சுவர் வழியாக இவ்வளவு சூடு, விசிறியிலிருந்து இவ்வளவு என்று கூட்டினான், அடித்தான், மறுபடி கூட்டினான். சட்டென்று பேனாவை வைத்துவிட்டான்.

"என்னடா?"

நோட்டை என் பக்கம் நகர்த்தினான். உள்ளே நின்று வேலை பார்க்கிற ஆளின் உடம்பும் சூடு விடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம்.

"ஓர் ஆள் கணக்கு இடிக்குது" என்றான் கிசுகிசுப்பாக. "உள்ள ஓர் ஆள் நின்னா சரியா வருது."

நாங்கள் இருவரும் கதவைப் பார்த்தோம்.

உள்ளேயிருந்து தும்மல் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

நான் திரும்பிப் பேரை எண்ணினேன். பதினோரு பேரும் வெளியேதான் இருந்தோம்.

மூன்று.

கால்குலேட்டர் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வெள்ளைப் புகைபோலக் குளிர் தரையில் வழிந்தது. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மதியமே காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவன், பிறகு அந்தக் கோடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதியை ஒதுக்கி வைக்கிற பழக்கம் போகவில்லை. ஒதுக்கி வைத்ததைத் தின்ன ஆளில்லை. அவளைச் சாகவிட்டதோடு நிற்காமல், கவனமில்லாதவள் என்று பேரும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதுதான் நெஞ்சை அறுத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி ஐந்து. எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் ஷெட்டின் பாதிவரை வந்து நின்றது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் பதினொன்று.

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். தகட்டின்மேல் கையை வைத்தேன். நான்கு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

விசிறியின் இரைச்சல்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்டி."

கதவுக்கு அந்தப்புறம், என் கைக்கு நேராக, வாயை வைத்துப் பேசியதுபோல் கேட்டது. கோபமில்லை. குளிரில் பல் கிடுகிடுக்கும் குரல்.

"இருட்டா இருக்கு. கதவத் திற."

கொக்கியை இழுத்தேன். இரண்டு தடவை வழுக்கியது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. நான் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். "மன்னிச்சுக்கடி. நான் கூப்பிடல. கூப்பிட்டேன்னு பொய் சொன்னேன். மன்னிச்சுக்க" என்று அழுதேன். குளிர் என் முகத்தை உரசிக்கொண்டு போனது, நெருக்கத்தில் யாரோ நடந்து போவதுபோல.

வெகுநேரம் கழித்துக் கதவைச் சாத்தினேன். முள் மடமடவென்று இறங்கியது. மைனஸ் பதினெட்டு. கம்ப்ரசர் நின்றது. ஷெட் முழுக்க அப்படியொரு அமைதி.

மறுநாள் பிரின்சிபால் அறையில் உண்மையைச் சொன்னேன். லீடர் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இப்ப சொல்றியேம்மா" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். என்னை ஒரு பருவம் நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையில் அவள் கவனக்குறைவு என்ற வரியை அடித்து, உடைந்த குமிழையும் என் பெயரையும் எழுதினார்கள். எழுதினால் ஆள் திரும்பி வருமா?

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, தையல் மிஷின், மடித்து வைத்த துணிகள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸுக்கு ஓடியது, குரல் கொடுக்காதது, போனில் சொன்னது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

"பஸ் ஸ்டாண்டுல தேடினேனேம்மா" என்றார். "தப்பான இடத்துல தேடிட்டேனே."

என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே காலெடுத்து வைத்துக் கதவைச் சாத்தக் கையைப் பின்னால் நீட்டினேன்.

"சாத்தாத" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வாரமாகச் செத்துக் கிடந்த அந்த முகம் மெல்ல மெல்ல உயிர் பெற்றது.

"ஏன்டி இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

நான் திரும்பவில்லை. திரும்ப என் கழுத்து மறுத்தது.

எனக்குப் பின்னால், வாசற்படியில், கனமான சேஃப்டி ஷூ ஒன்றைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.