டப்பாவில் ஒரு பிடி சர்க்கரை

"பாஸ்போர்ட்டைக் காணோம் மேடம்! ராத்திரி ஃப்ளைட்டு. எவனோ எடுத்துட்டு, அதை வெச்சிருந்த டப்பாவுல ஒரு பிடி சக்கரையைப் போட்டுட்டுப் போயிருக்கான்."

ராயப்பேட்டை மாடியறை ஒன்றில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் உம்மே ஹானி, நர்ஸ் ஏஞ்சலை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"கடத்தல் கும்பல் மேடம்! சர்க்கரைதான் அவங்க அடையாளம்!" என்று குதித்தான் உதவியாளன் செந்தில்குமார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; இவன் கண்ணுக்கு எல்லாமே கும்பல்.

"நேத்து ராத்திரி இருந்துச்சு. காலைப் பூசை முடிஞ்சு வந்து பார்த்தா இல்ல. எங்கண்ணன் மேலதான் சந்தேகம். நான் வெளிநாட்டு வேலைக்குப் போறது அதுக்குப் புடிக்கல. விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிடுச்சு."

ஏஞ்சலின் பட்டினப்பாக்கம் வீட்டில், கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் மீன் விற்கும் அம்மா ஆரோக்கியமேரி. "பரண்ல பாரு நைனா! கட்டிலுக்கடியில பாரு!" என்று செந்தில்குமாரை விரட்டினாரே தவிர, இடத்தைவிட்டு அசையவில்லை.

டிவியில் ஒரு கொரிய நிகழ்ச்சி பாதியில் நின்றிருந்தது.

"ஆறு பேரை ரூமுல பூட்டிடுவாங்க. ஒருத்தனையொருத்தன் திட்டிக்கினே சாவியைத் தேடுவானுங்க. ஆனா ஒருத்தனும் மத்தவனை உட்டுட்டு வெளிய போவ மாட்டான். அதான் எனக்குப் புடிக்கும். கீழ வர்ற எழுத்தை ஏஞ்சலு படிச்சிச் சொல்லும்" என்றார் ஆரோக்கியமேரி.

உம்மே ஹானி அந்த டப்பாவைப் பார்த்தார். மூடி நசுங்கிய பழைய பிஸ்கட் டப்பா. முதல் எறும்பு இப்போதுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் இல்ல ஏஞ்சல். ராத்திரியே போட்டிருந்தா இந்நேரம் எறும்பு மொய்ச்சு டப்பாவே கறுத்திருக்கும். நீங்க பூசையில இருந்தப்ப நடந்தது இது. எடுத்தவங்களுக்கு வெறும் டப்பாவைத் திருப்பி வைக்கக் கை வரல. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட சர்க்கரை போட்டுத்தானே திருப்பிக் குடுப்பீங்க, அம்மா? கொஞ்சம் எழுந்திரிங்க."

ஆரோக்கியமேரி எழுந்தார். பெட்டிக்குள், கருவாட்டுப் பொட்டலத்துக்கடியில் பாஸ்போர்ட் இருந்தது.

"நீ எடுத்துக்கினு போற பெட்டியிலதானே வெச்சேன்? கடைசியா ஒரு தபா, அந்த டிவிக்காரனுங்க மாதிரி ரெண்டு பேருமா சேர்ந்து தேடலாம்னு ஆசை. நீ இன்னாடான்னா துப்பறியறவங்களை இட்டாந்துட்ட!"

ஏஞ்சல் சிரிக்க முயன்று, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வாராவாரம் வீடியோ கால் போடறேம்மா. போனை டிவிக்கு நேரா காட்டு. அங்கேர்ந்தே படிச்சிச் சொல்றேன்."

ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்தார். எறும்பை ஊதிவிட்டு, டப்பாவை மூடி மகளின் பெட்டிக்குள் வைத்தார்.

"எடுத்துக்கினு போ. திரும்பி வர்றப்போ வெறும் டப்பாவா கொண்டாராத."