கண் திறக்காத ஏழாவது படம்

மழை பெய்து நான்கு மாதமாகிவிட்ட ஊரில், மாடியில், கொதிக்கிற தளத்துக்கு அடியில், மூன்று மின்விசிறிகள் வெந்த காற்றையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் ஈரமண் வாசனை வந்தது. திருமுருகன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பெயின்ட் வாசனை இருந்தது, பசை வாசனை இருந்தது, திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பைகளின் புளிப்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இது. கண்மாயில் வெட்டிய களிமண்ணைக் கொட்டகைக்குள் குவித்து, ஈரச்சாக்கால் மூடி, நாள்கணக்கில் புளிக்கப் போட்டிருந்தால் வருமே, அந்த வாசனை. இலுப்பூர்ப் பக்கத்தில் அவன் பிறந்த வீட்டின் வாசனை. ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்துப் புதுக்கோட்டைக்கு வந்த பிறகு, இருபது வருடமாக அவன் சோப்புப் போட்டுக் கழுவி வந்த வாசனை.

"என்ன சார் தேடுறீங்க?" என்றாள் ஷர்லி.

"எங்கிட்டாச்சும் தண்ணி ஒழுகுதாம்மா?"

"இல்லையே சார். ஏழாவது படத்துல பசை காயலையோ என்னமோ. காத்துப் பட்டாச் சரியாப் போகும்."

அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று திருமுருகன் நினைத்துக்கொண்டான்.

ஷர்லி கட்டுமாவடிக்காரி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவள். அவளுக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவன்தான். படத்தை முக்கால்வாசி தானே போட்டுவிட்டு, முடிக்கிற கடைசிக் கோட்டை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது அவன் வழக்கம். "நீயே முடி" என்று தள்ளி நிற்பான். அப்படிக் கடைசிக் கோடு போட்டுப் பழகிய பெண், இன்றைக்குப் பன்னிரண்டு அரூப ஓவியங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறாள். சாக்கு, கிழிந்த வலை, படகுக்குப் பூசுகிற தார், துருப்பிடித்த தகரம், இவற்றோடு ஒவ்வொரு படத்திலும் சுட்ட மண் ஓடுகள். காலையில் ரிப்பன் வெட்டும்போது கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திருமுருகன். மேடையில் அவள் அவன் பெயரைச் சொல்லாமலும் இல்லை. "எனக்கு மொதமொதல்ல பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. மறந்து தொலைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

இதே கூடத்தில் ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் கண்காட்சி வைத்தான். தாமரைக் குளங்கள், சித்தன்னவாசல் ஓவியங்களின் நகல்கள். விலை போன படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். நான்கு நாளில் அங்கே விழுந்தது ஒரே ஒரு பொட்டு. அதையும் யாரும் பார்க்காதபோது அவனேதான் ஒட்டிக்கொண்டான். ஷர்லியின் படங்களுக்கு இன்று மதியத்துக்குள்ளேயே மூன்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த மண் ஓடுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. அவை அவன் வீட்டு மண். அவன் அண்ணன் சேவுகன் இன்னமும் கோயில்களுக்கு மண்குதிரை செய்கிறவன். மூன்று வருடத்துக்கு முன் சூளையில் வெடித்துப்போன பெரிய குதிரை ஒன்று கொல்லையில் கிடந்தது. ஷர்லி போய்க் கேட்டாள், அண்ணன் மினிவேனில் ஏற்றி அனுப்பிவிட்டான். திருமுருகன் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கொல்லையில் காலால் எத்திவிட்டு நடந்த ஓடுகள்தான் அவை. அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும், வயிறு எரிந்து சாக?

விழாவுக்கு வந்திருந்த சேவுகன் வெள்ளை வேட்டியில் ஏழாவது படத்தின் பக்கத்தில் நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம், "இது எங்க சூளைக் குதிரைங்க" என்று பீற்றிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஷர்லியிடம் சொன்னான்: "கண்ணு தொறக்காத குதிரை பாப்பா. எங்க வச்சாலும் வெறும் மண்ணுதான். ஒண்ணும் பயமில்ல."

கண் திறப்பது என்பது அவர்கள் வீட்டில் கடைசி வேலை. குதிரையை ஊராரிடம் கொடுக்கிற அன்றைக்குத்தான் கண் எழுதுவார்கள். எழுதுகிறவர் முன்னால் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் நின்று கையை நீட்டி எழுதவேண்டும். குதிரையின் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடிக்கவேண்டும். கண் திறந்ததும் முதலில் எதைப் பார்க்கிறதோ, அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். கண்ணாடி இருந்தால் தன்னையே பார்த்து, தன்னையே எடுத்துக்கொண்டு, சும்மா நிற்கும். இது திருமுருகனுக்குத் தன் பெயரைப்போலத் தெரியும்.

"சார், நான் போய்ச் சாப்பிட்டு வந்துர்றேன். மூணு மணிக்கு ரகுநாத் சார் வந்துருவாங்க. நீங்களும் வாங்களேன்."

ரகுநாத் சென்னையில் ஓவியக்கூடம் வைத்திருப்பவர். ஏழாவது படத்தைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு, நேரிலும் பிடித்துவிட்டால் பன்னிரண்டையும் டெல்லிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்.

"நீ போயிட்டு வாம்மா. நான் இங்கிட்டே இருக்கேன்" என்றான் திருமுருகன்.

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. கீழே கடைக்காரர் சாப்பாட்டுக்காக ஷட்டரை இழுத்துவிட்டார். அதன் பிறகு தெரு முழுவதும் வெயிலில் அடங்கிப்போக, மின்விசிறிகளின் கிறீச்சும், தளத்தின் எங்கோ ஒரு மூலையில் பல்லி ஒன்றின் உச்சும் மட்டும் மிஞ்சின. வாசனை கூடியிருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே நடந்து ஏழாவது படத்தின் முன்னால் வந்து நின்றான்.

ஆள் உயரச் சட்டகம். கறுப்புத் தார் வழிந்து உறைந்த பரப்பில் வலை நூல்கள் நரம்புகளாய்ப் புடைத்திருந்தன. நடுவில், சாக்கு மடிப்புகளுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த நிலையில் ஒரு மண் ஓடு. அது என்னவென்று வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. குதிரையின் இடது கன்னம், அதற்கு மேலே கண் வரவேண்டிய இடம். வழுவழுப்பான ஒரு மேடு, அவ்வளவுதான். அவன் விரலை வைத்துப் பார்த்தான். சில்லென்று ஈரமாக இருந்தது. சூளையில் வெந்த ஓடு எப்படி ஈரமாகும் என்று கேட்க அவனுக்கு அப்போது மனமில்லை. படம் நன்றாக இருந்தது. அதுதான் அவன் மனம் முழுக்க இருந்தது. படுபாவி, எவ்வளவு நன்றாக இருந்தது.

கிழித்தால் தெரிந்துவிடும். பெயின்ட்டை ஊற்றினால் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கண், ஒரே ஒரு கண் எழுதிவிட்டால் போதும். அப்புறம் அது அரூபம் இல்லை, திருவிழாக் கடைப் பொம்மை. ரகுநாத் முகம் சுளிப்பார். யார் எழுதியது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

சின்னத் திருத்தங்களுக்கென்று ஷர்லி மேசையில் வைத்திருந்த கறுப்பு வண்ணத்தையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்தான். நன்றாகத் தெரியவேண்டும் என்று நேருக்கு நேராக, மூச்சுப் படுகிற தூரத்தில் நின்றான். நாற்பத்தாறு வருடமாக அறிந்திருந்த ஒன்று அந்த நிமிடத்தில் அவன் தலையில் இல்லை. வளைவு, அதன் கீழ் எதிர்வளைவு, நடுவில் உருண்டை. கை தானாகவே ஓடியது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கோடு அவனுக்கு வந்ததே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசிப் புள்ளியை வைத்தான்.

டிக்.

சூடு ஆறும் சூளையில் ஓடு விரிசல் விடுகிற சத்தம். பின்னாலிருந்து. பிறகு இடப்பக்கச் சுவரிலிருந்து. பிறகு பன்னிரண்டு படங்களிலிருந்தும், ஒன்று மாற்றி ஒன்று. டிக். டிக். டிக்.

கண்ணாடி. அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

சட்டென்று பக்கத்தில் நகர்ந்தான். கண் அவனைத் தொடரவில்லை. அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இன்னமும் யாரோ நிற்பது போல, அமைதியாக, பசியோடு. நகர்ந்து வந்த தன்னிடம் எதுவோ குறைகிறது என்று திருமுருகனுக்குப் பட்டது. குறைந்தது அங்கேதான் நிற்கிறது என்றும் பட்டது.

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கைக்குட்டை கறுப்பானது. கண் அப்படியே இருந்தது.

மறுபடி அதன் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கால்கள் கனத்தன. புறங்கையில் கோடுகள். வற்றிய கண்மாய்த் தரை போல, வெடிப்பு வெடிப்பாக. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. வெளியே எடுத்தான். சேவுகன். திரையில் விரலை வைத்து இழுத்தான். எடுக்கவில்லை. மறுபடி இழுத்தான். விரலை அந்தப் போன் விரலாகவே மதிக்கவில்லை. டொக். டொக். கண்ணாடியில் ஓடு தட்டுகிற சத்தம். மணி நின்றது. போன் கீழே விழுந்தது. கூடவே பிரஷ்ஷும்.

"அண்ணே" என்று கூப்பிட்டான். நாக்கில் மண். உதடு ஒட்டிக்கொண்டது.

மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிய முடியவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து மங்கியது. கடைசியாக ஒரு முறை கையைத் தூக்கினான். தன் கண்ணைத் தொட்டான்.

கண் இல்லை. வழுவழுப்பான ஒரு மேடு.

இறக்கிய கை பாதி வழியில் நின்றுவிட்டது.

பிறகு இருட்டு. இருட்டில் காது மட்டும் இருந்தது. மின்விசிறியின் கிறீச். பல்லி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஷட்டர் திறந்தது. படியில் செருப்புச் சத்தம், கூடவே ஷூச் சத்தம்.

"சார்? சாரைக் காணமே. கூடத்தத் தொறந்து போட்டுட்டு எங்கிட்டுப் போனாங்க" என்றாள் ஷர்லி.

ஷூச் சத்தம் அவனைத் தாண்டிப் போய் நின்றது.

"ஷர்லி, போட்டோவுல இந்தக் கண்ணு தெரியலையே. இந்தக் கண்ணுதான் படமே. டெல்லியில இதுக்கு முன்னால கூட்டம் நிக்கும் பாருங்க." ரகுநாத்தின் குரல்.

"கண்ணா? நான் எழுதலையே சார்..."

கண் இருந்த மேடுகளுக்குப் பின்னால் திருமுருகனுக்கு எரிந்தது. அது அவன் கோடு. அவன் வாழ்நாளில் போட்ட ஒரே நல்ல கோடு. அதுவும் அவள் படத்தில், அவள் பெயருக்குக் கீழே. கத்த வேண்டும் போலிருந்தது. வாய் இல்லை.

"அட, இது என்ன? இதைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே." குரல் அவன் பக்கம் திரும்பியது. யாரோ தோளில் தட்டினார்கள். உள்ளே வெறும் பானைச் சத்தம். "நிஜச் சட்டையவே மண்ணுல தோச்சுப் போட்டிருக்காங்க. மிக்ஸட் மீடியான்னா இதுதான். யார் செஞ்சது?"

"எங்க சார்தான் செஞ்சு கொண்டாந்து வச்சிருப்பாங்க. அவுங்க போனும் மூக்குக்கண்ணாடியும்கூட இங்கதான் கெடக்கு. அவுங்க குடும்பமே மண்ணு வேலதான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள் ஷர்லி. "அவுங்க மாதிரியே இருக்கு சார்."

"இதையும் எடுத்துக்கறேன்." அவன் மார்பில், இடப்பக்கம், ஒரு விரல் அழுந்தியது. சின்னதாக வட்டமாக ஏதோ ஒட்டிக்கொண்டது. ஆறு வருடம் காத்திருந்த சிவப்புப் பொட்டு. "கண்ணு மட்டும்தான் பாக்கி வச்சிட்டாரு."

"எனக்காக விட்டுட்டுப் போயிருப்பாங்க சார். எப்பவும் அப்பிடித்தான், கடைசிக் கோட்ட எங்களத்தான் போடச் சொல்லுவாங்க."

தரையிலிருந்து பிரஷ்ஷை எடுக்கிற சத்தம். வண்ணப் புட்டியின் மூடி. அவள் நடந்து வந்து நேருக்கு நேராக நின்றாள். மூச்சு அவன் முகத்தில் பட்டது. பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று கட்டுமாவடிக்காரிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கண்ணாடி பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தரவேண்டியவன் மண்ணாக நின்றுகொண்டிருந்தான். வாய் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்று அவன் ஒரு கணம் தன்னைக் கேட்டுப் பார்த்தான்.

மேட்டில் ஈரம் பட்டது. வளைவு. எதிர்வளைவு. அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மணிக்கட்டைத் தளரவிட்டு.

இருட்டில் ஒரு கீற்று விரிந்தது. கீற்று முழுக்க, மிக அருகில், ஷர்லியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. திருமுருகன் அதைப் பார்த்தான்.